மண் தடத்தில் மாடிஃபைட் கார் ஓட்டுவதையே ஒருவர் வாழ்நாள் தொழிலாகக் கொள்ள முடியுமா?

முடியும்; ஆனால் அதை மட்டுமே நம்பிக் குடும்பம் நடத்துகிறவர்கள் மிகச் சிலரே. 2012 முதல் 2016 வரை வேலை நிமித்தமாக நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனி நகருக்கு அருகில் குடியிருந்தேன். கோடைக்கால வெள்ளிக்கிழமை இரவுகளில் மால்டாவில் உள்ள ஆல்பனி-சரடோகா பந்தயத் தடத்துக்கும், சனிக்கிழமைகளில் ‘லெபனான் வேலி’ என்ற இன்னொரு மண் தடத்துக்கும் போவது அப்போது எனக்கு வழக்கமாகிவிட்டது. இந்தப் பதில் அந்தப் பழக்கத்திலிருந்து வருவது.

‘மாடிஃபைட்’ என்ற பெயர் பழைய சாலைக் கார்களை வெட்டி ஒட்டி ஓட்டிய காலத்தில் வந்தது. இன்றைய வண்டி பந்தயத்துக்கென்றே இரும்புக் குழாய்களால் கட்டப்படுவது. முன்சக்கரங்களுக்கு மூடி கிடையாது, எஞ்சின் வி8.

ஓட்டுநரின் திறமை வேகத்தைவிட மண்ணைப் பற்றிய அறிவில்தான் அதிகம் இருக்கிறது. மாலையில் தண்ணீர் தெளித்த களிமண் கறுத்து, டயரைப் பிடித்து இழுக்கும். இரவு பத்து மணிக்கு முதன்மைப் பந்தயம் தொடங்கும்போது அதே தடம் காய்ந்து, மெழுகிட்ட திண்ணையைப் போல வழுக்கும். அதை முன்கூட்டியே கணித்து டயரையும் ஸ்பிரிங்கையும் மாற்றியாக வேண்டும். ஒருமுறை வண்டிகளைத் தயார் செய்யும் ‘பிட்’ பகுதியில் நின்றபோது, ஒரு பையன் அளவு நாடாவால் பின் டயர்களின் சுற்றளவை அளந்துகொண்டிருந்தான். வண்டி தானாகவே இடப்பக்கம் திரும்ப வேண்டும் என்பதற்காக வலப்பக்க டயரைப் பெரியதாக வைப்பார்களாம். இன்னொருவர் ஒட்டியிருந்த சேற்றைச் சுரண்டி எடுத்துக்கொண்டிருந்தார். ஓட்டுநரோ இவர்களைக் கவனிக்காமல், வேலி ஓரமாய் நின்று அப்போது நடந்த பந்தயத்தில் யார் தடத்தின் எந்தப் பகுதியில் போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

பணத்துக்கு வருவோம். மாதச் சம்பளம் என்று எதுவும் அநேகமாகக் கிடையாது. வண்டி வேறொருவருடையது என்றால் பரிசில் ஒரு பங்கு கிடைக்கும். சொந்த வண்டி என்றால் பரிசும் ஸ்பான்சர் பணமும் டயருக்கும் எஞ்சினுக்குமே போய்விடும். எனக்குப் பழக்கமான ஓட்டுநர் ஒருவர் பகலில் லாரி பழுதுபார்க்கும் பட்டறை நடத்தி, வாரத்தில் நான்கு இரவுகள் பந்தய வண்டியின் அடியில் படுத்துக் கிடப்பார். ஒரு ஜூலையில் எஞ்சின் வெடித்தபோது, அந்த ஆண்டு அவர் வென்ற பணம் முழுவதும் ஒரே இரவில் கரைந்தது.

இந்தத் தொழிலின் உச்சம் எது என்று கேட்டால் பிரெட் ஹெர்னைச் சொல்வேன். நியூ ஜெர்சிக்காரரான அவர் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக 20ஆம் எண் வண்டியை ஓட்டி, 900க்கும் மேற்பட்ட பந்தயங்களில் வென்றவர். வாராந்தரப் பந்தயங்களில் தொடர்ந்து வெல்பவரைப் பின்வரிசையிலிருந்து புறப்பட வைப்பது அங்கு வழக்கம் என்பதை நினைத்தால் அந்த எண்ணிக்கையின் கனம் புரியும். 1980களில், அமெரிக்காவின் பெரிய கார் பந்தய அமைப்பான நாஸ்காரின் இரண்டாம் நிலைத் தொடரிலும் ஓட்டிப் பார்த்தார்; ஆனால் அவருடைய பெயர் நின்றது மண்ணில்தான். அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களுக்கு வெளியே அவரைத் தெரிந்தவர்கள் குறைவு என்பது எனக்கு இன்றும் வியப்பு. கனடாவில் பிறந்த ஸ்டூவர்ட் ஃப்ரீசன் மாடிஃபைட், நாஸ்கார் என்ற இரண்டு உலகங்களிலும் கால் வைத்தவர். 2019இல் ஒஹாயோ மாநிலத்தின் எல்டோரா மண் தடத்தில் நாஸ்காரின் பிக்கப் டிரக் பந்தயத்தை வென்றார். அதே ஃப்ரீசன் 2025 ஜூலையில் கியூபெக்கில் மாடிஃபைட் ஓட்டும்போது நேர்ந்த விபத்தில் இடுப்பெலும்பும் வலது காலும் முறிந்து படுத்தார். ஆபத்துக் கணக்கையும் சேர்த்துத்தான் இந்தத் தொழிலை எடைபோட வேண்டும்.

இவர்கள் எல்லோரும் ஆண்டு முழுவதும் காத்திருப்பது அக்டோபரில் நடக்கும் ‘சூப்பர் டர்ட் வீக்’ என்ற மண் தடப் பந்தய வாரத்துக்காக. 1972 முதல் 2015 வரை நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் நகரக் கண்காட்சித் திடலின் ஒரு மைல் தடத்தில் நடந்த அந்தப் பெரும் பந்தயம், தடம் இடிக்கப்பட்டதால் 2016இல் அதே மாநிலத்தின் ஆஸ்வீகோ நகருக்கு இடம்பெயர்ந்தது. அங்கே தார்த் தடத்தின்மேல் களிமண்ணைக் கொட்டிப் பரப்பினார்கள். நான் சொன்ன பட்டறைக்காரர் சிரக்யூஸின் கடைசி ஆண்டில் தகுதிச்சுற்றிலேயே வெளியேறினார். மறுநாள் பார்வையாளர் மாடத்தில் என் பக்கத்தில் அமர்ந்து, ஒவ்வொரு சுற்றையும் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.