எல்லோருக்கும் பொறுப்பு என்றால், யார் போவது?

கேள்வி: சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். எங்கள் குழுவில் ஒன்பது பேர். மேலாளர் கிடையாது, எல்லா வேலைக்கும் எல்லோரும் பொறுப்பு. போன மாதம் இணையதளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியாகி அரை நாள் தளம் முடங்கிவிட்டது. எச்சரிக்கை மின்னஞ்சல் ஒன்பது பேருக்கும் வந்திருந்தது. அதே மாதம் எங்கள் வீட்டு ஜெபக்குழுவில் வயதான ஒரு அம்மா ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். வாட்ஸ்அப்பில் பன்னிரண்டு பேரும் ‘ஜெபிக்கிறோம்’ என்று போட்டோம். ஆறு நாளாக ஒருவரும் போய்ப் பார்க்கவில்லை. இரண்டு இடத்திலும் ஒரு தலைவரைப் போட்டுவிடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். தலைவர் வந்தால் சான்றிதழைக் கவனிப்பார், அந்த அம்மாவையும் போய்ப் பார்ப்பார். ஆனால் மற்றவர்கள் இன்னும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொள்வார்கள். அதற்கு முன்னால் செய்து பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது.

முதலில், உங்கள் குழுவினருக்கு அன்பு இல்லை, அக்கறை இல்லை என்ற முடிவுக்கு வந்துவிடாதீர்கள். ஜான் டார்லி, பிப் லடானே என்ற இரண்டு உளவியலாளர்கள் 1968-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. மாணவர்களைத் தனித்தனி அறைகளில் உட்கார வைத்து இன்டர்காம் வழியாகப் பேச வைத்தார்கள். நடுவில் ஒரு குரல் வலிப்பு வந்ததுபோல் திணறும். தன்னைத் தவிர வேறு யாரும் கேட்கவில்லை என்று நினைத்தவர்களில் 85 சதவீதம் பேர், வலிப்பு அடங்குவதற்குள் உதவி தேடி எழுந்தார்கள். இன்னும் நான்கு பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நம்பியவர்களில் எழுந்தது 31 சதவீதம்தான். எழாதவர்களும் அலட்சியமாக இருக்கவில்லை. பலருக்குக் கை நடுங்கியது, உள்ளங்கை வியர்த்தது. வேறு யாராவது போயிருப்பார்களோ என்ற எண்ணம்தான் அவர்களை உட்கார வைத்தது. உங்கள் பன்னிரண்டு பேரையும் அதே எண்ணம்தான் வீட்டிலேயே வைத்திருக்கிறது.

ஊர் கூடித் தேர் இழுக்கிறோம் என்கிறோம். வடத்தை ஆயிரம் பேர் பிடிக்கலாம், ஒருவர் கையை விட்டாலும் தேர் ஓடும். ஆனால் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவர் யார் என்பதைக் கூட்டத்திடம் விடுவதில்லை. அதற்குப் பழகிய ஆள் சக்கரத்தின் பக்கத்திலேயே நடந்து வருவார். சான்றிதழும் ஆஸ்பத்திரியும் முட்டுக்கட்டை மாதிரியான வேலைகள். அவற்றை நீங்கள் வடம் பிடிக்கிற வேலை என்று நினைத்துவிட்டீர்கள்.

ஆதி கிறிஸ்தவர்களின் எருசலேம் சபையில் இதே சிக்கல் வந்தது. பைபிளில் அப்போஸ்தலர் நடபடிகள் 6-ம் அதிகாரத்தைப் பாருங்கள். கிரேக்க மொழி பேசிய விதவைகள் அன்றாட விசாரணையில், அதாவது தினசரி உதவிப் பங்கீட்டில், விடுபட்டுப் போனார்கள், முறுமுறுப்பு எழுந்தது. அப்போஸ்தலர்கள் ‘எல்லோரும் கவனமாக இருங்கள்’ என்று புத்தி சொல்லி முடித்துவிடவில்லை. ஏழு பேரைத் தெரிந்தெடுக்கும்படி சபையிடமே சொன்னார்கள். சபை தெரிந்தெடுத்த ஸ்தேவான், பிலிப்பு முதலான ஏழு பேரின் பெயரும் அங்கே எழுதப்பட்டிருக்கிறது. ஏழுமே கிரேக்கப் பெயர்கள். குறை யார் பக்கம் இருந்ததோ அவர்களுக்கு நெருக்கமானவர்களிடமே வேலை போயிருக்கிறது என்றுதான் நான் இதை வாசிக்கிறேன். உங்கள் குழுவிலும் அந்த அம்மாவின் தெருவில் இருப்பவர் யார் என்று முதலில் பாருங்கள்.

கலாத்தியர் 6-ம் அதிகாரத்தில் ‘ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்து’ என்று வருகிறது. மூன்று வசனம் தள்ளி, ‘அவனவன் தன்தன் பாரத்தைச் சுமப்பானே’ என்றும் வருகிறது. தமிழில் இரண்டும் ‘பாரம்’. கிரேக்கத்தில் சொல் வேறு: முன்னது ‘பாரோஸ்’, ஒருவரை அழுத்துகிற சுமை. பின்னது ‘ஃபோர்த்தியோன்’, அவரவர் தூக்க வேண்டிய மூட்டை. குழுவாக வேலை செய்வதில் இரண்டும் வேண்டும்.

சரி, என்ன செய்வது? வேலைகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் போடுங்கள். அவர் ஊரில் இல்லாவிட்டால் யார் என்று இன்னொரு பெயரும் வேண்டும். பெயர் இருப்பதால் அவர் மற்றவர்களுக்கு மேலாளர் ஆகிவிடமாட்டார். அவரே எல்லாவற்றையும் செய்யவும் வேண்டாம், அது நடந்ததா என்று பார்ப்பது மட்டும் அவர் பாடு. நெதர்லாந்தில் பியூர்ட்சோர்க் என்ற செவிலியர் அமைப்பு இருக்கிறது. பன்னிரண்டு பேருக்கு மேற்படாத குழுக்கள், மேலாளர் இல்லை. ஆனால் அட்டவணை போடுவது, கணக்குப் பார்ப்பது போன்ற வேலைகளைத் தங்களுக்குள் பெயர் சொல்லிப் பிரித்துக்கொள்கிறார்கள்.

அப்புறம், ஒரு பழக்கம். ஒரு பிரச்சினையை முதலில் பார்த்தவர், இன்னொருவர் ‘சரி, நான் எடுத்துக்கொள்கிறேன்’ என்று சொல்லும் வரைக்கும் அதற்குப் பொறுப்பு. ‘யாராவது போய்ப் பாருங்களேன்’ என்று போட்டால் கைமாறியதாகக் கணக்கில்லை. ‘அக்கா, நாளைக்குச் சாயங்காலம் நீங்கள் போக முடியுமா?’ என்று ஒருவரிடம் கேளுங்கள். முடியாது என்றால் அடுத்தவரிடம் கேட்கலாம். அலுவலகத்தில் எச்சரிக்கை மின்னஞ்சல்களுக்கு வார முறை வையுங்கள், இந்த வாரம் யார் முறை என்பது எல்லோருக்கும் தெரியட்டும்.

பணமும் பிள்ளைகளும் சம்பந்தப்பட்ட இடத்தில் மட்டும் ஒரு பெயர் போதாது. காணிக்கையை இரண்டு பேர் சேர்ந்து எண்ணிக் கையெழுத்துப் போடட்டும். ஞாயிறு பள்ளி வகுப்பிலும் இரண்டு பெரியவர்கள் இருக்கட்டும். எருசலேமுக்குக் காணிக்கை கொண்டுபோனபோது பவுலும், சபைகள் தெரிந்தெடுத்த ஒரு சகோதரனைத் துணைக்கு வைத்துக்கொண்டார்.

சபையில் எனக்குக் கவலை தருவது இன்னொன்று. மறுத்துப் பேசத் தெரியாத ஒரே ஆளின் பெயர்தான் எல்லாப் பட்டியலிலும் வரும், பெரும்பாலும் அது ஒரு பெண்ணாகத்தான் இருக்கும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை பெயர்களை மாற்றுங்கள். அவரே ‘பரவாயில்லை’ என்றாலும் மாற்றுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகு, இரண்டு பேர் கருத்து மோதி எப்படி முடிவெடுப்பது என்றே தெரியாமல் நின்றால், அப்போது தலைவரைப் பற்றி யோசிக்கலாம்.

அந்த அம்மாவை இன்னும் பார்க்கவில்லை என்றால், குழுவின் சார்பில் ஒருவர் நேரில் போய், ஆறு நாள் வராததற்கு மன்னிப்புக் கேட்கட்டும். கேள்வி எழுதியவர் நீங்கள்தானே, நீங்களே போங்கள்.