இறாலைத் துப்பும் பஃபர் மீன்: பட்டினி போட்டால் திருந்துமா?

கேள்வி: "பச்சைப் புள்ளி பஃபர், 5 செ.மீ. இருக்கும். வாங்கிய நாளிலிருந்து ஆறு மாதமாக உறைந்த ரத்தப்புழு (கொசு மாதிரிப் பூச்சியின் சிவப்பு இளம்புழு) மட்டும்தான் சாப்பிடுகிறது. இறால் கொடுத்தால் வாயில் வாங்கித் துப்பிவிடுகிறது. பெல்லட்டை, அதாவது காய்ந்த குருணைத் தீனியை, திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. பட்டினி போட்டுப் பழக்கலாமா?"

பழக்கலாம், ஆனால் இன்றைக்கே வேண்டாம். "வாங்கித் துப்பிவிடுகிறது" என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் உறுத்துகிறது. பஃபர் சாப்பாட்டை மறுப்பதில் இரண்டு ரகம் உண்டு. பக்கத்தில் வந்து, வாலை ஒரு பக்கமாக மடக்கிக்கொண்டு, தனித்தனியாகச் சுழலும் இரண்டு கண்களையும் முன்னால் குவித்து ஒரு கணம் உற்றுப் பார்த்துவிட்டுப் போய்விடுவது ஒன்று. அது பிடிவாதம். கவ்வி, கடிக்கப் பார்த்து, துப்பி, திரும்பவும் கவ்வித் துப்புவது இன்னொன்று. அது பல் பிரச்சினையாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

பஃபருக்கு மேலே இரண்டு, கீழே இரண்டு என நான்கு பற்கள் ஒட்டிக்கொண்டு கிளி அலகு மாதிரி இருக்கும். டெட்ராடோன்டிடே என்ற குடும்பப் பெயருக்கே 'நாற்பல்' என்றுதான் அர்த்தம். எலிப்பல் போல இவை ஆயுசு முழுக்க வளரும். ஓடு கடித்தால்தான் தேயும். ரத்தப்புழுவை உறிஞ்சி விழுங்கப் பல்லே தேவையில்லை. ஆறு மாதம் அதையே தின்ற மீனுக்குப் பல் நீண்டிருந்தால் ஆச்சரியமில்லை. டார்ச் அடித்து நேர் முன்னாலிருந்து பாருங்கள். வாய் மூடியிருக்கும்போது உதட்டுக்கு நடுவே மெல்லிய வெள்ளைக் கோடாகத் தெரிந்தால் சரி. பல் உதட்டைத் தாண்டி வளைந்து நின்று, வாயைச் சரியாகத் திறக்கவோ மூடவோ முடியாமல் இருந்தால் எந்தப் பயிற்சியும் பலிக்காது, பல்லை வெட்டத்தான் வேண்டும். கிராம்பு எண்ணெய் கலந்த தண்ணீரில் மயக்கி, நகத்தோல் வெட்டும் சின்னக் கட்டரால் நுனியை நறுக்குவார்கள். மயக்கம் கொஞ்சம் கூடினாலும் மீன் எழாது. அதனால் வீடியோ பார்த்துச் செய்யாமல், மீன் பார்க்கும் கால்நடை மருத்துவரிடமோ இதைச் செய்து கைபழகியவரிடமோ கொண்டுபோங்கள். எடுக்கும்போது வலை வேண்டாம். தண்ணீரோடு மக்கில் அள்ளுங்கள். வெளியே எடுத்தால் காற்றை விழுங்கி உப்பும், பிறகு அந்தக் காற்றை வெளியேற்ற முடியாமல் தலைகீழாக மிதக்கும்.

பல் நன்றாக இருந்தால் அடுத்து தண்ணீர். கடையில் நன்னீர் மீன் என்று சொல்லி விற்பார்கள். உண்மையில் இது இலங்கை முதல் இந்தோனேசியா வரையும் வடக்கே சீனா வரையும் காணப்படும் கழிமுக மீன். உப்பில்லாத தண்ணீரில் சில மாதம் ஓட்டிவிடும், பிறகு பசி மந்தித்து நிறம் கறுக்கும். தண்ணீரின் உப்பை அளக்கும் ஹைட்ரோமீட்டரில் 1.005-லிருந்து 1.008 வரை இந்த வயதுக்குப் போதும். வளர வளர ஏற்ற வேண்டும். கடல் தொட்டிக்கென்று விற்கும் உப்பைப் போடுங்கள், சமையல் கல்லுப்பு உதவாது. வாரத்துக்கு 0.002-க்கு மேல் ஏற்றினால் ஃபில்டரில் இருக்கும் பாக்டீரியா அடிவாங்கும். மீன் கழிவிலிருந்து வரும் நஞ்சுகளான அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்ஜியமாக இருக்க வேண்டும். வயிறு உள்ளே ஒட்டிப்போய், கழிவு வெள்ளை நூல் மாதிரி தொங்கினால் அது குடல் ஒட்டுண்ணியாக இருக்கலாம். அந்த மீனைப் பட்டினி போடவே கூடாது, முதலில் வைத்தியம்.

இதெல்லாம் இல்லை என்றான பிறகுதான் பிடிவாதம் என்று பெயர் வைக்கலாம். அதையும் மீன் தானாகக் கற்றுக்கொள்ளவில்லை. கண்ணாடிக்கு முன்னால் வந்து ஆடும் ஒவ்வொரு தடவையும் ஒரு கட்டி ரத்தப்புழு விழுகிறது என்றால், அது ஏன் இறாலைத் தொடப்போகிறது? பஃபர் ஆடுவது பசியால் அல்ல, உங்களை அடையாளம் தெரிந்ததால். 5 செ.மீ. மீனுக்கு நாளுக்கு ஒரு வேளை, அதுவும் வயிறு லேசாக உருண்டு தெரியும் அளவுக்குத்தான். கோலிக்குண்டு மாதிரி ஆனால் அது அதிகம். 5-ஐத் தாண்டியதும் 10 செ.மீ. வரை ஒரு நாள் விட்டு ஒரு நாள். அதற்கு மேல் வாரத்துக்கு இரண்டு, மூன்று தடவை.

பழக்கும் முறை இதுதான். இரண்டு நாள் ஒன்றுமே போடாதீர்கள். இந்த அளவு மீனுக்கு இரண்டு நாள் தாங்கும், மூன்று எல்லை. மூன்றாம் நாள் இறாலைத் துண்டாகப் போடாமல், 1 செ.மீ. நீளம், 1 மி.மீ. தடிமனில் புழு மாதிரி கீறி எடுங்கள். ரத்தப்புழுக் கட்டி ஒன்றை ஒரு ஸ்பூன் தண்ணீரில் கரையவிட்டு, அந்தச் சிவப்புத் தண்ணீரில் கீற்றுகளைப் பத்து நிமிடம் ஊறப்போடுங்கள். நீளமான இடுக்கியில் நுனியை மட்டும் பிடித்து, மீனின் முகத்துக்கு இரண்டு மூன்று செ.மீ. தள்ளி, நடுக்கத்தோடு கொஞ்சம் கொஞ்சமாக விலக்குங்கள். முகத்தை நோக்கிக் கொண்டுபோகாதீர்கள். இரை வேட்டைக்காரனைப் பார்த்து வராது, ஓடும். பஃபர் கண்ணால் வேட்டையாடுகிற மீன். தரையில் அசையாமல் கிடக்கும் இறால் அதற்குக் கல்.

நூலில் கட்டித் தொங்கவிடச் சிலர் சொல்வார்கள். வேண்டாம், அந்த அலகு நூலையும் சேர்த்து நறுக்கி விழுங்கும். விரலில் பிடித்துக் கொடுப்பதும் அப்படித்தான், ரத்தம் வரும்.

பத்து நிமிடத்தில் தொடவில்லை என்றால் எடுத்துவிடுங்கள். இங்கேதான் பெரும்பாலானவர்கள் தோற்பார்கள்: பாவமாக இருக்கிறதென்று உடனே ரத்தப்புழுவைப் போட்டுவிடுவார்கள். மீன் அன்றைக்குக் கற்கும் பாடம், 'கொஞ்சம் பொறுத்தால் நல்லது வரும்' என்பதுதான். அன்று ஒன்றும் கொடுக்காமல் மறுநாள் திரும்பவும் அதே கீற்று. மூன்று நாள் எல்லை வந்தும் மசியவில்லை என்றால், விரதத்தை முடிக்க ஓர் உயிருள்ள நத்தையைப் போடுங்கள், ரத்தப்புழுவை அல்ல. ஓட்டை நகத்தால் லேசாக நொறுக்கிப் போட்டால் வாடை கிளம்பும், அநேகமாக எந்த பஃபரும் தாங்காது. இரண்டு நாள் நத்தையில் தேறட்டும், பிறகு மறுபடி கீற்று. கீற்றைச் சரளமாக எடுத்த பிறகு, வாரா வாரம் தடிமனைக் கூட்டி, ஊறவைப்பதை நிறுத்தி, கடைசியாக ஓட்டோடு கொடுங்கள்.

நத்தையை மட்டும் கடையில் எண்ணி வாங்கிக் கட்டுப்படியாகாது, வீட்டில் வளர்க்க வேண்டும். 20 லிட்டர் டப், ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், பத்து ராம்ஸ்ஹார்ன் (தட்டையாகச் சுருண்ட ஓடுள்ள சின்ன நன்னீர் நத்தை) போதும். ஒவ்வொன்றும் ஆணும் பெண்ணுமாக இருப்பதால் ஜோடி பார்க்க வேண்டியதில்லை. வேகவைத்த சுரைக்காய்த் துண்டு, கீரை, கொஞ்சம் ஸ்பைருலினா பாசித்தூள், இவைதான் தீனி. மீந்ததை மறுநாள் எடுத்துவிட வேண்டும். நத்தை தின்றதுதான் பஃபருக்கும் சத்தாகப் போகிறது, அதனால் போடுவதற்கு முந்தின நாள் நன்றாகத் தீனி போடுங்கள். கால்சியம் குறைந்த மென்னீராக இருந்தால் ஓடு வெளுத்துக் குழிவிழும். அந்த ஓடு பல்லுக்கு வேலை கொடுக்காது. நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று கேட்டால் கணவாய் ஓடு கிடைக்கும், இரண்டு நாள் ஊறவைத்துக் கழுவி ஒரு துண்டு போட்டுவையுங்கள். கொடுக்கும் நத்தை மீனின் கண் அளவோ சற்றுப் பெரிதாகவோ இருக்கலாம். உப்பு ஏறிய தொட்டியில் நன்னீர் நத்தை நீடிக்காது. பத்தை மொத்தமாகக் கொட்டினால் இரண்டைத் தின்னும், எட்டு செத்து நாறும். வயலிலும் குளத்திலும் பொறுக்கிய நத்தையில் பூச்சிமருந்தும் ஒட்டுண்ணியும் வரும்; அவற்றை நேரடியாகப் போடாதீர்கள். மலேசியன் ட்ரம்பெட் நத்தை வேண்டவே வேண்டாம், அந்த ஓடு கடினம், சின்ன பஃபரின் பல் உடையும்.

மீன் மார்க்கெட்டில் இறாலில் பொடி சைஸாக, ஓடு உரிக்காததாகக் கேளுங்கள். தலைக்கொம்பை மட்டும் வெட்டிவிட்டு ஓடு, கால், வாலோடு அரை செ.மீ. துண்டாக நறுக்கலாம். காயவைக்காத கூனி (பொடி இறால்) கிடைத்தால் இன்னும் நல்லது, நறுக்கும் வேலையே இல்லை. காய்ந்த சென்னாக்கூனி ஆகாது. உப்பும் ஏறியிருக்கும், சத்தும் போயிருக்கும். நண்டுக் கால் நுனியை 1 செ.மீ. நறுக்கி, உள்ளே சதை தெரியும்படி ஒரு பக்கம் விரிசல்விட்டுக் கொடுத்தால் பல்லுக்கு அதைவிட நல்ல வேலை கிடையாது. மட்டிச் சதை, கணவாய்க் கீற்று மாறுதலுக்கு. எதையும் மஞ்சளோ உப்போ போடாமல் கழுவி, ஜிப் கவரில் 3 மி.மீ. தடிமனில் தட்டையாகப் பரப்பி உறையவைத்தால், பிறகு தேவைக்கு ஒடித்துக்கொள்ளலாம். வெளியே கரையவைத்து, வடியும் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் போடுங்கள்; அந்தத் தண்ணீர் தொட்டியில் அம்மோனியாவை ஏற்றும்.

இறால் பழகிவிட்டதென்று அதிலேயே நின்றுவிடவும் கூடாது. இறாலிலும் மட்டியிலும் ஆளியிலும் பல வகைகளில் தயாமினேஸ் என்ற நொதி உண்டு. அது வைட்டமின் பி1-ஐ அழிக்கும். உறையவைத்தாலும் அது போகாது. அதையே மாதக்கணக்கில் கொடுத்தால் மீன் சோர்ந்து, நிலைதடுமாறி நீந்த ஆரம்பிக்கும். அதனால் வாரத்தில் இரண்டு தடவை நத்தை, ஒரு தடவை மண்புழு என்று ஊடே வரட்டும். மண்புழுவில் ஒரு விஷயம்: உரக்குழியில் வளர்க்கும் எய்சீனியா ஃபெட்டிடா என்ற சிவப்புப் புழுவை வெட்டினால் நாற்றமடிக்கும் மஞ்சள் திரவம் வரும், மீன் துப்பும், அடுத்த தடவை எந்தப் புழுவையும் சந்தேகப்படும். பருமனான ஆப்பிரிக்கப் புழு, யூட்ரிலஸ், பரவாயில்லை. ஈரத்தாளில் ஒரு நாள் வைத்து மண்ணைக் கழித்த பிறகு அரை செ.மீ. நறுக்குங்கள்.

கோழி ஈரல், மாட்டு இதயம், தீனி கப்பி மீன் மூன்றும் வேண்டாம். முதல் இரண்டின் கொழுப்பு மீனுக்குச் செரிக்காது, கப்பி நோயைக் கொண்டுவரும். பெல்லட்டையும் மறந்துவிடுங்கள். சில பஃபர் எடுக்கும், பெரும்பாலானவை எடுக்காது, எடுத்தாலும் பல்லுக்குப் பிரயோஜனமில்லை. ரத்தப்புழுவை அடியோடு நிறுத்தவும் தேவையில்லை. வாரம் ஒரு தடவை, எல்லாம் பழகிய பிறகு.

இதே கேள்வியைக் குட்டி பஃபர் (வளர்ந்தாலும் சின்னதாகவே இருக்கும் தனி இனம்) வைத்திருப்பவர்களும் கேட்பீர்கள். கேரள ஆறுகளைச் சேர்ந்த, திருவாங்கூரைத் தன் அறிவியல் பெயரிலேயே சுமக்கும் அந்த 3 செ.மீ. மீனுக்கு மேலே சொன்ன பட்டினி வைத்தியம் பொருந்தாது, உடம்பில் அவ்வளவு சேமிப்பில்லை. அதற்கு உப்பும் வேண்டாம். 2 மி.மீ. நத்தைக் குஞ்சு, உயிருள்ள ஆர்ட்டீமியா, டாஃப்னியா (இரண்டும் இறால் இனத்துப் பொடி உயிர்கள்), கொசுப்புழு என மாற்றி மாற்றிக் கொடுங்கள். உறைந்ததைப் பழக்க, அசையும் டாஃப்னியாவோடு சேர்த்து ஃபில்டர் ஓட்டத்தில் விடுங்கள். ஒரே தொட்டியில் பல இருந்தால் பெரியது மற்றவற்றைத் துரத்தித் தானே தின்னும். இரண்டு மூன்று மூலையில் ஒரே நேரத்தில் போட்டு, ஒவ்வொன்றின் வயிற்றையும் பக்கவாட்டில் பார்த்துவிட்டு விளக்கை அணையுங்கள்.