டர்போவை வீட்டிலேயே மாட்டலாமா, கடையில் விடலாமா?

மோட்டார் கேள்வி பதில்

என்னிடம் 2007 ஸ்விஃப்ட் 1.3 பெட்ரோல் கார் இருக்கிறது. செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓட்டுவதற்கு மட்டும் வைத்திருக்கிறேன். டர்போ போட்டு 140 குதிரைத்திறன் எடுக்க ஆசை. கடையில் சொல்லும் கூலி கட்டுப்படியாகவில்லை. டூல்ஸ் எல்லாம் இருக்கிறது, கிளட்ச் நானே மாற்றியிருக்கிறேன். வீட்டிலேயே செய்துவிடலாமா?
— வாசகர், கோயம்புத்தூர்

எக்ஸாஸ்ட் புகையால் சுழன்று இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிப்பதுதான் டர்போ. கிளட்சை இறக்கி ஏற்றிய கைக்கு அதன் நட்டு போல்ட் வேலை கஷ்டமில்லை. இன்டர்கூலர் (அந்தக் காற்றைக் குளிர்விப்பது), குழாய்கள், ஆயில் லைன், கூலன்ட் லைன், இன்ஜெக்டர், பெட்ரோல் பம்ப், பிளக் எல்லாவற்றையும் தாராளமாக வீட்டில் செய்யுங்கள். கூலியில் பெரும்பகுதி இதில்தான் மிச்சமாகும். மேனிஃபோல்டையும் (இன்ஜின் புகையை டர்போவுக்குக் கொண்டுபோகும் குழாய்த் தொகுதி) ட்யூனிங்கையும் (பெட்ரோல் அளவையும் பற்றவைக்கும் நேரத்தையும் அமைப்பது) மட்டும் வெளியே கொடுங்கள்.

உங்கள் இன்ஜினுக்கென்று அளவெடுத்துச் செய்த கிட், பெட்டியைப் பிரித்து மாட்டும்படி எளிதில் கிடைக்காது. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைச் செய்துதான் ஆக வேண்டும். ஹெட்டில் உட்காரும் ஃபிளாஞ்ச் (மேனிஃபோல்டின் அடித்தகடு) 10 மி.மீ. தகடாவது இருக்கட்டும். வெல்டிங் சூட்டில் அது வாழைப்பழம் போல வளையும். அதனால் ஒரு பழைய ஹெட்டிலோ கனமான தகட்டிலோ இறுக்கி வைத்துத்தான் பற்றவைக்க வேண்டும், ஆறிய பிறகு மில்லிங்கில் முகத்தைச் சமன் செய்ய வேண்டும். கோவையில் இதற்கான பட்டறைக்குப் பஞ்சமில்லை. நீங்கள் டாக் வெல்டு (தற்காலிகப் புள்ளி வெல்டு) வைத்து டர்போ எங்கே உட்கார வேண்டும் என்று காட்டினால் போதும், முழு வெல்டிங்கை டிக் (TIG) வெல்டிங் தெரிந்தவர் போடட்டும். இடம் குறிக்கும்போது ஸ்டியரிங் ராடு, பிரேக் பைப், ஒயரிங் ஆகியவற்றை விட்டு விலகி வையுங்கள். வெளிநாட்டு இடதுகை ஸ்டியரிங் காருக்குச் செய்த டவுன்பைப்பை (டர்போவிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் குழாய்) வாங்கி இங்கே மாட்டப் பார்ப்பவர்கள் மாட்டிக்கொள்வதும் இந்த இடத்தில்தான்.

டர்போ போட்ட இன்ஜின் உடைந்தால் பெரும்பாலும் டர்போ காரணமல்ல. அழுத்தத்துக்கு ஏற்ற பெட்ரோல் போகாமல் இருக்கும், அல்லது பற்றவைக்கும் நேரம் முந்தியிருக்கும். டர்போ இல்லாத இன்ஜினில், உள்ளே போகும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் வெளிக்காற்றின் அழுத்தமான ஒரு பாருக்குச் சற்று மேலே போனதும் நின்றுவிடும். அரை பார் பூஸ்டில் (டர்போ கூடுதலாகத் தரும் அழுத்தம்) உள்ளே இருப்பது ஒன்றரை பார். இன்ஜினின் கணினியான ஈசியூவுக்கு அது தெரியவே தெரியாது. பெட்ரோல் குறையும், சூடு ஏறும், நாக்கிங் (கலவை நேரம் தப்பி வெடித்துத் தட்டுவது) தொடங்கும். பிஸ்டனில் ரிங் பள்ளங்களுக்கு நடுவே இருக்கும் மெல்லிய வரப்பு உடைந்துபோக முழு ஆக்சிலேட்டரில் சில விநாடிகள் போதும். ஆகவே 3 பார் மேப் சென்சார், ஸ்டாண்ட்அலோன் ஈசியூ (நாமே முழுக்க அமைத்துக்கொள்ளும் தனி ஈசியூ), வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சார் (காற்று-பெட்ரோல் விகிதத்தைத் துல்லியமாகக் காட்டுவது) மூன்றும் கட்டாயம். இவற்றில் ஒன்றைக் குறைத்துத்தான் பட்ஜெட்டுக்குள் வர முடியும் என்றால் டர்போவையே தள்ளிப்போடுங்கள்.

இன்ஜெக்டர் கணக்கை நீங்களே போடலாம். டர்போ இன்ஜினுக்கு ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்குச் சுமார் 270 கிராம் பெட்ரோல் வேண்டும். 140 குதிரைத்திறனை நான்கு இன்ஜெக்டருக்குப் பிரித்தால், ஒவ்வொன்றும் நிமிடத்துக்குச் சுமார் 213 சிசி தர வேண்டும். இன்ஜெக்டரை 80 சதவீதத்துக்கு மேல் ஓட்டக் கூடாது என்பதால் 266 சிசி. பங்கில் இப்போது வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20. அதே காற்றுக்குச் சுமார் 8 சதவீதம் கூடுதலாகக் குடிக்கும் என்பதால் 290 தேறும். 330 சிசி வாங்கினால் மூச்சு முட்டாது.

இ20-இல் இன்னொரு விஷயம். சுத்த பெட்ரோலுக்குச் சரியான காற்று-எரிபொருள் விகிதம் 14.7. இ20-க்கு அது 13.5 அளவுக்கு இறங்கிவிடுகிறது. வெளிநாட்டு வீடியோவில் சொல்லும் 11.5 என்ற எண்ணை இங்கே அப்படியே எடுத்தால் குழப்பம்தான் வரும். மீட்டரை லாம்டாவில் (எந்தப் பெட்ரோலானாலும் சரியான விகிதத்தை 1 என்று காட்டும் அளவு) வைத்துப் படியுங்கள். முழு பூஸ்டில் 0.78 முதல் 0.82 வரை இருக்கட்டும்.

இன்ஜின் திறனை அளக்கும் டைனோவில் ட்யூனர் பற்றவைக்கும் டைமிங்கை முதலில் ஒரு பிஎஸ்ஐ (அழுத்த அலகு) பூஸ்டுக்கு ஒரு டிகிரி வீதம் பின்னுக்கு இழுத்து வைத்து, நாக்கிங்கைக் கேட்டுக்கொண்டே சிறிது சிறிதாக முன்னேற்றுவார். ரோட்டில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு செய்யும் வேலையல்ல இது. டைனோவுக்குக் காரை ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், வண்டியில் ஏற்றிக்கொண்டு போங்கள்.

இத்தனைக்கும் முன்னால் கம்ப்ரஷன் டெஸ்ட் (ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் கேஜில் அளப்பது) செய்துவிடுங்கள். பேட்டரி முழு சார்ஜில் இருக்க வேண்டும். நான்கு பிளக்கையும் கழற்றி, இன்ஜெக்டர், காயில் இணைப்புகளை எடுத்துவிட்டு, ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தபடி ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். அதிக எண்ணுக்கும் குறைந்த எண்ணுக்கும் 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால், டர்போவுக்கு வைத்த பணம் முதலில் இன்ஜின் வேலைக்குப் போகட்டும்.

தினமும் ஓ.எம்.ஆரில் ஆபீஸ் போகும் காருக்கு டர்போ போடலாமா? ஆர்.டி.ஓ.வில் பதிந்துகொள்ள வழி உண்டா?
— வாசகி, சென்னை

வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து வண்டி மாறுபடும்படி மாற்றம் செய்யக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டின் திருத்தத்தில் வந்த 182ஏ(4) பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. அதைவிடப் பெரிய அடி, விபத்து நடந்த பிறகு இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிப்பது. ரோட்டில் டர்போ வேண்டுமானால் கம்பெனியிலிருந்தே டர்போவோடு வந்த காரை வாங்குங்கள். போலோ 1.0 டிஎஸ்ஐ, நெக்ஸான் பெட்ரோல் போன்றவை செகண்ட்ஹேண்டில் கிடைக்கின்றன. கம்ப்ரஷன், கூலிங், கியர்பாக்ஸ் எல்லாமே அதற்கென்று வடிவமைத்து வந்தவை.

1999 மாஸ்டா மியாட்டா 1.8-க்கு முழு டர்போ கிட் வாங்கிவிட்டேன். இங்கே கடையில் மணிக்கு 100 டாலருக்கு மேல் கேட்கிறார்கள். வீட்டு கராஜில் நானே செய்யப் போகிறேன். எந்தெந்த இடத்தில் கவனம் வேண்டும்?
— வாசகர், டொரன்டோ

நல்ல காரைத்தான் எடுத்திருக்கிறீர்கள். அந்த காருக்குப் பல ஆண்டுகளாகக் கிட் செய்து தேறியிருக்கிறார்கள், துளைகள் சரியாக உட்காரும். முதல் முறை என்றால் ஐந்தாறு வார இறுதி நாட்களை ஒதுக்கிவையுங்கள். திங்கட்கிழமை வேலைக்குப் போக வேறு கார் வேண்டும். அது இல்லாதவர்கள்தான் ஞாயிறு இரவு அவசரப்பட்டு ஒரு கிளாம்பை இறுக்காமல் விடுகிறார்கள்.

அதிகம் தப்பு நடப்பது ஆயில் திரும்பும் லைனில். டர்போவுக்குள் பிரஷரோடு போகும் ஆயில் நுரைத்துப்போய் வெறும் புவியீர்ப்பில் கீழே இறங்குகிறது. அந்த ஹோஸின் உள்விட்டம் அரை அங்குலத்துக்குக் குறையக் கூடாது. எங்கும் தொங்கி மறுபடி மேலே ஏறக் கூடாது. இன்ஜினின் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்பில் சேரும் துளை ஆயில் மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். டர்போவின் வடிகால் வாய் செங்குத்திலிருந்து 35 டிகிரிக்கு மேல் சாயக் கூடாது.

சம்ப்பில் அந்தத் துளையை எப்படிப் போடுவது? கழற்றிச் செய்வதே சுத்தம். உங்கள் காரில் அதற்கு இன்ஜினைத் தூக்கி சப்ஃப்ரேமை இறக்க வேண்டும் என்பதால் பலர் காரில் வைத்தபடியே துளையிடுகிறார்கள். அப்படிச் செய்வதானால் ஆயிலை வடித்துவிட்டு, ட்ரில் முனையிலும் மரை போடும் டேப்பிலும் கெட்டி கிரீஸைத் தடவி, ஒவ்வொரு அரைச் சுற்றுக்கும் பின்னுக்கு எடுத்துத் துடைத்துத் துடைத்துப் போடுங்கள். முடிந்ததும் மலிவான ஆயிலை ஊற்றிக் கழுவுங்கள். அலுமினியத் துகளைக் காந்தம் பிடிக்காது. அந்தத் துகள் ஆயில் பம்புக்குள் போனால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆயில் லைன் எதிலும் சிலிகான் பேஸ்ட், டெஃப்லான் டேப் வேண்டாம். பிய்ந்து வரும் ஒரு துணுக்கு டர்போவின் ஆயில் துளையை அடைத்துவிடும். பால் பேரிங் டர்போ என்றால் உள்ளே போகும் லைனில் சுமார் 1 மி.மீ. துளையுள்ள ரெஸ்ட்ரிக்டர் (ஆயில் வரத்தைக் குறைப்பது) வேண்டும். சாதாரண ஜர்னல் பேரிங் டர்போவுக்குப் பொதுவாக அது தேவைப்படாது. அதில் போட்டால் பேரிங் பட்டினி கிடக்கும்.

ஸ்டார்ட் செய்வதற்கு முன் லீக் டெஸ்ட். டர்போவின் காற்று வாயை மூடி, கம்ப்ரஸரிலிருந்து 10 பிஎஸ்ஐ வரை காற்றைக் கொடுத்து, ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீரை அடியுங்கள். இன்டர்கூலர் குழாய் முனைகளில் பீடு (சுற்றிலும் ஒரு மேடு) உருட்டியிருக்க வேண்டும். வழுவழுப்பான குழாயில் சிலிகான் ஹோஸ் எவ்வளவு இறுக்கினாலும் பூஸ்டில் கழன்று வரும். கிராங்க்கேஸின் (இன்ஜினின் அடிப்பாகம்) காற்றை வெளியேற்றும் பிசிவி வால்வையும் பாருங்கள். அது பூஸ்டைத் தடுக்காவிட்டால் கிராங்க்கேஸில் அழுத்தம் ஏறி டிப்ஸ்டிக்கைத் தள்ளிவிடும்.

பூஸ்ட் அளவு மீறாமல் புகையைத் திருப்பிவிடும் வேஸ்ட்கேட்டுக்குப் போகும் சின்ன ஹோஸை இரண்டு முறை சரிபாருங்கள். கம்ப்ரஸர் பக்கத்திலிருந்து நேராக வந்து சரியான நிப்பிளில் மாட்டியிருக்க வேண்டும். அந்த ஹோஸ் கழன்றால் வேஸ்ட்கேட் திறக்காது, பூஸ்ட் ஏறிக்கொண்டே போகும். ஆகவே ஈசியூவில் பூஸ்ட் கட் எல்லையை (பூஸ்ட் அதைத் தாண்டினால் இன்ஜினை அடக்கும் அளவு) முதல் நாளே வைத்துவிடுங்கள்.

பிறகு இன்ஜெக்டர், காயில் இணைப்பை எடுத்துவிட்டு, பத்துப் பதினைந்து விநாடி வீதம், இடையில் ஸ்டார்ட்டரை ஆறவிட்டு, திரும்பும் லைனில் ஆயில் வரும் வரை சுற்றுங்கள். அதற்கப்புறம்தான் உயிர் கொடுக்க வேண்டும். முதல் சூடு ஆறியதும் மேனிஃபோல்டு, டர்போ நட்டுகளை மேனுவல் அளவுக்கு டார்க் ரெஞ்சால் மறுபடி இறுக்குங்கள். சூட்டிலும் குளிரிலும் மாறி மாறி அவை தானாகத் தளரும், பூட்டு வாஷர் போட்டால் நல்லது. முதல் ஐம்பது நூறு கிலோமீட்டரிலேயே ஆயிலை மாற்றுங்கள். அந்த 1.8 இன்ஜினின் கனெக்டிங் ராடுகள் மெலிவு என்பதால் சக்கரத்தில் 200 குதிரைத்திறன் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

கடைக்கு ட்யூனிங்குக்கு மட்டும் போகப் போவதாக இப்போதே பேசிவையுங்கள். மற்றவர் மாட்டிய கிட்டைத் தொடாத ட்யூனர்கள் உண்டு. ஒன்டாரியோவில் டிரைவ் கிளீன் சோதனை 2019-இல் நின்றுவிட்டாலும், கேடலிடிக் கன்வெர்ட்டர் போன்றவற்றைக் கழற்றுவது இன்றும் குற்றம். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள்.

வீட்டில் டர்போ மாட்டிய பிறகு ஐடிலில் நீலப் புகை. டர்போ சீல் இரண்டு முறை மாற்றியாயிற்று, போகவில்லை.
— வாசகர், திருப்பூர்

சீலை விடுங்கள். டர்போவின் ஷாஃப்டில் இருப்பது ரப்பர் சீல் அல்ல, பிஸ்டன் ரிங் மாதிரியான இரும்பு வளையம். டர்போவின் பேரிங் இருக்கும் கூட்டில் ஆயில் தேங்கினால் எத்தனை புது வளையம் போட்டாலும் தாண்டி வரும். திரும்பும் ஹோஸைக் கழற்றி ஒரு நீளமான குழாயால் நேராக ஒரு பாத்திரத்தில் விட்டு, ஒரு நிமிடம் மட்டும் ஐடிலில் ஓட்டிப் பாருங்கள். ஆயில் மட்டம் குறையாமல் கவனமாக இருங்கள். புகை குறைந்தால் குற்றம் ஹோஸிலோ சம்ப் துளையிலோ இருக்கிறது. அப்படியும் குறையாவிட்டால் உள்ளே போகும் பிரஷரையும் ரெஸ்ட்ரிக்டரையும் பாருங்கள். ஆயில் ஃபில்லர் மூடியைத் திறந்ததும் புஸ்ஸென்று காற்று வந்தால் ரிங் தேய்ந்திருக்கும், அல்லது கிராங்க்கேஸ் காற்று வெளியேறும் பிரீதர் அடைத்திருக்கும். கிராங்க்கேஸில் அழுத்தம் இருக்கும்வரை டர்போ ஆயில் கீழே இறங்காது.

முழு வேலையையும் கடையிலேயே கொடுக்கிறேன். என்ன கேட்டுக்கொள்ள வேண்டும்?
— வாசகர், சேலம்

எந்த டர்போ, எத்தனை சிசி இன்ஜெக்டர், எந்த ஈசியூ என்று பாகம் பாகமாக எஸ்டிமேட் எழுதி வாங்குங்கள். டைனோ சொந்தமா, வெளியிலா என்று கேளுங்கள். ட்யூனிங் முடிந்ததும் டைனோ தாளில், குதிரைத்திறன் கோட்டுக்குக் கீழே லாம்டா கோடும் இருக்கிறதா என்று பாருங்கள். குதிரைத்திறனை மட்டும் அச்சடித்துக் கொடுத்தால் இன்ஜின் எவ்வளவு பாதுகாப்பாக ஓடுகிறது என்று தெரியாது. ஈசியூ ஃபைலும் பாஸ்வேர்டும் உங்கள் கைக்கு வர வேண்டும். வராவிட்டால் ஒரு சென்சார் மாற்றினாலும் அந்தக் கடைக்கேதான் போக வேண்டியிருக்கும். இன்ஜின் போனால் யார் பொறுப்பு என்பதையும் வேலைக்கு முன்பே பேசுங்கள். பழைய இன்ஜினுக்கு எந்த நல்ல கடையும் உத்தரவாதம் தராது. ஆனால் தாங்கள் மாட்டிய இணைப்புகளுக்கும் வெல்டிங்குக்கும் தர வேண்டும்.

பழைய டர்போ வாங்கினால் எப்படிச் சோதிப்பது?
— வாசகர், மதுரை

ஷாஃப்டை மேலும் கீழும் அசையுங்கள். ஜர்னல் பேரிங்கில் லேசான ஆட்டம் இயல்பு, ஆனால் இறக்கை சுவரில் உரசக் கூடாது. முன்னும் பின்னும் இழுத்துத் தள்ளினால் கைக்குத் தெரியும்படி ஆட்டம் இருக்கக் கூடாது. இருந்தால் த்ரஸ்ட் பேரிங் போயிற்று. கம்ப்ரஸர் இறக்கை முனைகளை டார்ச் அடித்துப் பாருங்கள். மணல் தின்றதுபோல் மழுங்கியிருந்தால் ஏர் ஃபில்டர் இல்லாமல் ஓடிய டர்போ அது. டர்பைன் கூட்டுக்குள் வேஸ்ட்கேட் துளையைச் சுற்றி மெல்லிய விரிசல் தெரிந்தால் சாதாரணம்தான். விரல் நகம் மாட்டும் அளவுக்கு இருந்தாலோ, விரிசல் வெளிச்சுவர் வரை ஓடினாலோ வாங்காதீர்கள்.