மேட்டூர் நீர்மட்டமும் ஏழு நிமிட செமினாரும்

அன்புள்ள ஐயா,

மகன் இரவு பதினொரு மணிக்கு போன் செய்து, "படிப்பே வேண்டாம், ஊருக்கு வந்துவிடுகிறேன்" என்று அழுததாக எழுதியிருந்தீர்கள். அடுத்த புதன்கிழமை வகுப்பில் ஏழு நிமிடம் ஆங்கிலத்தில் செமினார் எடுக்க வேண்டும். அதற்குத்தான் இத்தனை கலக்கம். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்த பையனை சிவில் இன்ஜினீயரிங்கில் சேர்த்தது தவறோ, ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் பணம் கட்டிவிடலாமா என்று இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். சேர்த்தது தவறில்லை. பணம் கட்ட வேண்டாம். ஆங்கிலம் ஒரு வாரத்தில் வந்துவிடாது. புதன்கிழமைக்கு அது அவ்வளவு தேவையும் இல்லை.

அவன் தயாரித்து வைத்திருக்கும் ஸ்லைடுகளை அனுப்பியிருந்தீர்கள், பார்த்தேன். தலைப்பு 'அணைகள்'. மொத்தம் 24 ஸ்லைடுகள். அணை என்றால் என்ன, அணைகளின் வகைகள், கல்லணை, அமெரிக்காவின் ஹூவர் அணை, நன்மைகள், தீமைகள், கடைசியில் ரோஜாப்பூவோடு ஒரு நன்றி. ஏழு நிமிடம் என்பது 420 விநாடி. ஸ்லைடு ஒன்றுக்குப் பதினேழரை விநாடிதான் கிடைக்கும். லண்டனில் பிறந்த பிள்ளையாலும் இதைச் சொல்லி முடிக்க முடியாது. உங்கள் மகன் பயப்படுவதை நான் குறையாகவே நினைக்கவில்லை. அந்த 24-இல் அவனுக்கே தோன்றிய வரி ஒன்றுகூட இல்லை. எல்லாம் எங்கிருந்தோ எடுத்து ஒட்டியவை. அடுத்தவர் சட்டையைப் போட்டுக்கொண்டு மேடை ஏறினால் யாருக்கும் உடம்பு கூசத்தான் செய்யும்.

நீங்கள் மன்னார்குடிப் பக்கம் நிலம் வைத்திருப்பவர். காலையில் பேப்பர் வந்ததும் மேட்டூர் அணை நிலவரம்தானே முதலில் பார்ப்பீர்கள்? நீர்மட்டம் இத்தனை அடி, நீர்வரத்து இத்தனை கன அடி, இருப்பு இத்தனை டி.எம்.சி. பாசனத்துக்கு அணை திறக்கும் வழக்கமான நாளான ஜூன் 12 நெருங்கும்போது உங்கள் வீட்டில் பேச்சே அதுவாகத்தான் இருந்திருக்கும். பிறந்ததிலிருந்து இதைக் கேட்டு வளர்ந்த பையன் ஹூவர் அணையைத் தேடிப் போயிருக்கிறான் பாருங்கள்!

இன்று இரவு அவனுக்கு போன் செய்து, செமினார் என்ற பேச்சையே எடுக்காமல் ஒன்று கேளுங்கள்: "மேட்டூரில் 120 அடியிலிருந்து 100 அடிக்கு இறங்கினால் தண்ணீர் எவ்வளவு குறையும்?" ஆறில் ஒரு பங்கு என்று சட்டென்று சொல்வான். அவன் வகுப்பில் பெரும்பாலோரும் அப்படித்தான் சொல்வார்கள். 120 அடியில் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. 100 அடியில் இருப்பது சுமார் 65 டி.எம்.சி. இருபது அடி இறங்கியதில் ஏறத்தாழ 28 டி.எம்.சி. போய்விட்டது, பத்தில் மூன்று பங்கு. ஏன்? நீர்த்தேக்கம் நேர்ச்சுவர் வைத்த தொட்டி இல்லை. மலைகளுக்கு நடுவே மேலே போகப் போக விரிந்துகொண்டே போகிறது. மேல் இருபது அடியில் நிற்கும் தண்ணீர் அடியில் உள்ள இருபது அடியைவிடப் பல மடங்கு.

அந்த 28 டி.எம்.சி.யை விவசாயி கணக்கில் மாற்றச் சொல்லுங்கள். ஒரு டி.எம்.சி. நூறு கோடி கன அடி. விநாடிக்கு 12,000 கன அடி திறந்துவிட்டால் ஒரு நாளைக்கு ஒரு டி.எம்.சி.யும் கொஞ்சமும் போகும். மேலிருந்து வரத்தே இல்லை என்று வைத்துக்கொண்டால், அந்த இருபது அடி என்பது 27 நாள் தண்ணீர். வாய்க்கால் முடியும் கடைமடையில் நாற்று நட்டுவிட்டுக் காத்திருப்பவருக்கு 27 நாள் என்றால் என்னவென்று உங்கள் மகனுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

செமினார் முடிந்தது. இவ்வளவுதான் அது. 'அணைகள்' என்ற தலைப்பை அடித்துவிட்டு, 'இருபது அடி என்பது எவ்வளவு தண்ணீர்?' என்று போடட்டும்.

இதை அவன் முதலில் தமிழில், உங்களிடம், போனிலேயே சொல்லட்டும். நீங்கள் குறுக்கே திருத்தாமல் கேளுங்கள், புரியாத இடத்தில் மட்டும் "அது எப்படிப்பா?" என்று கேளுங்கள். உங்களுக்குப் புரிந்துவிட்டால் வகுப்புக்கும் புரியும். அதன்பிறகு அதையே ஆங்கிலத்தில் அவனே எழுத வேண்டும். வாக்கியத்துக்கு எட்டு, பத்து சொல்லுக்கு மேல் வேண்டாம். பாடத்தில் வரும் கடினமான சொற்கள் ஏழெட்டுதான் இருக்கும். அவற்றின் உச்சரிப்பை மட்டும் அகராதியில் ஒலிக்கவிட்டுக் கேட்டுக்கொள்ளட்டும். நீர்த்தேக்கத்துக்கான ஆங்கிலச் சொல்லை எழுத்துக்கூட்டி 'ரிசர்வாயிர்' என்றால் பின்பெஞ்சு சிரிக்கும், அது 'ரெசர்வ்வார்'. மதகுக்கு 'ஸ்லூஸ்'. மற்ற இலக்கணப் பிழைகளை யாரும் எண்ணிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

நான்கு ஸ்லைடு போதும். பதினாறு கண் மதகின் படம் ஒன்று. அந்த இரண்டு அளவுகளும் பெரிய எழுத்தில் ஒன்று. நீர்த்தேக்கத்தின் குறுக்குவெட்டு, அவனே கையால் வரைந்து படம் பிடித்தது. கடைசியில் 27 நாள் கணக்கு. கட்டத் தொடங்கியது 1925, முடிந்தது 1934 என்ற வரலாற்றை வாயால் ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கடந்துவிடலாம். மூன்றாவது ஸ்லைடு வரும்போது, மேலே அகன்று அடியில் குறுகிய காகித டீ கப் ஒன்றில் தண்ணீர் ஊற்றிக் காட்டட்டும். பாதி உயரம் வரை ஊற்றி, "இது பாதி கப்பா?" என்று கேட்கட்டும். இன்னொரு கப்பை நிரப்பி வைத்துக்கொண்டு அளந்தும் காட்டலாம். கையில் வேலை இருக்கும்போது நடுக்கம் குறையும். வகுப்பின் கண்ணும் அவன் முகத்தை விட்டுக் கப்புக்குப் போய்விடும்.

மனப்பாடம் மட்டும் வேண்டவே வேண்டாம். நான் கல்லூரியில் முதன்முதலாகப் பேசியபோது மூன்று பக்கத்தை உருப்போட்டுக்கொண்டு போனேன். நான்காவது வரியில் யாரோ கதவைத் திறந்து வருகைப் பதிவேடு கேட்டார்கள். அவர் போனபிறகு நான்காவது வரி வரவில்லை. முதலிலிருந்து தொடங்கினேன், மறுபடியும் அதே இடத்தில் நின்றேன். மூன்றாவது தடவை வகுப்பே என்னோடு சேர்ந்து முதல் மூன்று வரியையும் ஒப்பித்தது. முதல் வாக்கியமும் கடைசி வாக்கியமும் மட்டும் தூக்கத்தில் எழுப்பினாலும் வர வேண்டும். நடுவுக்கு, தபால் கார்டு அளவுள்ள கெட்டி அட்டையில் ஐந்தே சொற்கள். முழுத் தாளைக் கையில் பிடித்தால் அது நடுங்குவது கடைசி பெஞ்சு வரை தெரியும். சின்ன அட்டை அசைவதை யாரும் பார்ப்பதில்லை.

அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, நின்றபடி, செல்போனில் நேரம் வைத்து மூன்று முறை சத்தமாகச் சொல்லிப் பார்க்கட்டும். மனத்துக்குள் சொல்வது கணக்கில் சேராது. ஆறு நிமிடத்தில் முடிந்தால் சரியான அளவு. ஸ்லைடைப் பி.டி.எஃப். ஆகவும் மாற்றி, பென் டிரைவில் ஒன்று, மின்னஞ்சலில் ஒன்று வைத்துக்கொள்ளட்டும். எழுத்துரு கட்டம் கட்டமாக மாறி மானத்தை வாங்குவது பெரும்பாலும் வேறு கணினியில் திறக்கும்போதுதான். புரொஜெக்டரே ஓடாவிட்டாலும் டீ கப்பும் கரும்பலகையும் இருக்கின்றன.

கேள்வி கேட்பார்கள். தெரிந்தால் சொல்லலாம். தெரியாவிட்டால், "தெரியவில்லை சார், பார்த்துவிட்டு நாளைக்குச் சொல்கிறேன்" என்று சொல்லிவிட்டு, மறுநாள் நிஜமாகவே போய்ச் சொல்ல வேண்டும். அந்த மறுநாளை ஆசிரியர்கள் மறப்பதில்லை.

வேலை கிடைக்குமா என்ற கவலை உங்கள் கடிதம் முழுக்க இருக்கிறது, அதனால் இதையும் சொல்கிறேன். இறுதியாண்டில் வளாக நேர்காணலுக்கு வருகிறவர்கள் அநேகமாகக் கேட்பது, "உன் புராஜெக்டைப் பற்றிச் சொல்" என்பதைத்தான். அங்கேயும் இதே ஏழு நிமிடம்தான், சில சமயம் இரண்டே நிமிடம். ஆங்கிலத்தை அதற்குள் மெல்ல மெல்ல வளர்த்துக்கொள்ள நேரம் இருக்கிறது. 2022-இல் தமிழக அரசு தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் கல்லூரி மாணவர்களுக்குத் திறன் பயிற்சிகள் உண்டு. அவன் துறையில் என்ன நடக்கிறது என்று முதலில் விசாரிக்கச் சொல்லுங்கள். தனியார் வகுப்பைப் பற்றி அதன்பிறகு யோசிக்கலாம்.

செவ்வாய்க்கிழமை இரவு போன் செய்தால் செமினாரைப் பற்றிக் கேட்காதீர்கள். சாப்பிட்டானா என்று கேளுங்கள், இன்றைய நீர்மட்டம் என்னவென்று நீங்களே சொல்லுங்கள். புதன்கிழமை காலை அந்த எண்ணோடு அவன் பேச்சைத் தொடங்கிக்கொள்வான்.