பாலுக்கு பூனையா, பயிருக்கு வேலியா?

கேள்வி: எங்க தேயிலை தோட்டத்துல கோயில் திருவிழா காசுல கைய வச்ச ஒருத்தரையே இப்ப சாவு செலவுக்கு சந்தா சேக்குற மரணாதார சங்கத்துக்கு பொருளாளரா போட்டுட்டாங்க. அப்பா "பாலுக்கு பூனைய காவல் வச்ச கதை"ங்கிறாரு, அம்மா "வேலியே பயிர மேயுது"ங்கிறாங்க. ரெண்டும் ஒன்னு தானே அண்ணே?
– ஒரு வாசகி, தலவாக்கலை

பதில்: இல்ல தங்கச்சி, ஒன்னு இல்ல. வேலி மேயும்னு நினைச்சு யாரும் வேலி கட்டுறதில்ல, நம்பி ஏமாந்த கதை அது. பூனை அப்படியா, பால் குடிக்கும்னு பச்சப்புள்ளைக்கும் தெரியும், தெரிஞ்சே காவல் வச்சா குத்தம் வச்சவங்க மேல தான். கோயில் காசு போனதுக்கு அம்மா சொல்றது சரி. அதுக்கப்புறமும் கூட்டத்துல கை தூக்கி அதே ஆள போட்டீங்க பாருங்க, அதுக்கு அப்பா சொல்றது தான்.

நம்ம இலங்கை மலையகத்துக்கு இந்த பூனை புதுசா என்ன? கோப்பி காலத்துலருந்து இந்தியாவுல ஆள் புடிச்சு கூட்டியாந்தது கங்காணி, வழிச்செலவுக்கு குடுத்த காச கடன்னு எழுதுனதும் அவரு தான், பல தோட்டத்துல சம்பளமே அவர் கை வழியா தான் வரும், எழுத படிக்க தெரியாத சனம் என்னத்த கணக்கு கேக்கும்? ஆள் வேலைக்கு எறங்குன நாளுக்கெல்லாம் தலைக்கு இவ்வளவுன்னு அவருக்கு பென்ஸ் காசு வேற. தோட்டம் மாறணும்னா துண்டுன்னு ஒரு சீட்டு வேணும், இவங்க கடன் இவ்வளவு, அத கட்டுனா விடுறோம்னு அதுல எழுதியிருக்கும், புது தோட்டம் கட்டி எடுக்கும், கடன் மட்டும் தொழிலாளி கூடவே போகும். 1921ல தான் சட்டம் போட்டு துண்ட ஒழிச்சாங்க. நம்மாளுங்க இன்னைக்கும் கங்காணிய தான் திட்டுவாங்க (திட்டட்டும், அவரும் லேசுப்பட்ட ஆளில்ல), ஆனா அந்த கணக்க அவர் கையில விட்டது தோட்டத்த நடத்துன வெள்ளக்கார துரைமார். ஆள் சேக்குற அலைச்சல் தன் தலையில விழாதுல்ல, அந்த வசதிக்கு.

சரி, உங்க சங்கம். பேங்க் கணக்க ரெண்டு பேர் கையெழுத்துக்கு மாத்த சொல்லுங்க, மாசக் கூட்டத்துல பாஸ் புத்தகத்த மேசை மேல வைக்க சொல்லுங்க, சந்தாவுக்கு ரசீது கேளுங்க. சவப்பெட்டி வாங்குற காசு அது. தனியா கேக்க கூச்சமா இருந்தா சந்தா கட்டுற பொம்பளைங்க நாலஞ்சு பேரா சேந்து போய் கேளுங்க, கொழுந்து நிறுக்குற எடத்துல சண்ட போடுறவங்களுக்கு இது பெரிய விஷயமா என்ன.