பங்குனியில பள்ளிக்கரணை போலாமா?

கேள்வி: வெயில் ஆரம்பிச்சாச்சு, இப்போ பள்ளிக்கரணை சதுப்புநிலப் பூங்காவுக்கு பசங்கள கூட்டிட்டுப் போனா பறவைங்க இருக்குமா சார்?
– வாசகி, வேளச்சேரி

பதில்: தாராளமா போங்கம்மா, ஆனா காலைல வெயில் ஏறுறதுக்குள்ள போயிடுங்க. குளிர்காலத்துக்கு வடக்கேர்ந்து வந்த வாத்துங்க எல்லாம் திரும்பக் கிளம்புற நேரம் இது, விட்டா அடுத்த சீசன்தான். நீலத்தாழைக்கோழி வருஷம் பூரா இங்கயே இருக்கும், தண்ணில வளர்ற சம்புப் புல்லோட தண்ட கால்ல புடிச்சு தூக்கி அலகால உரிச்சு உரிச்சு தின்னும் பாருங்க, பசங்க அசந்துருவாங்க. பைனாகுலர் எடுத்துட்டுப் போனா பூநாரை தலைய கவுத்து சேத்துத் தண்ணில மேயுறதும் கண்ணுல படலாம். உலக அளவுல முக்கியமான சதுப்புநிலங்களோட ராம்சார் பட்டியல்ல 2022ல சேந்த எடம்மா, ஆக்கிரமிப்பு, குப்பைனு எவ்வளவோ போயிடுச்சு, மிச்சமாவது நிக்கணும், அதனால தீனி எதுவும் போட வேணாம்னு பசங்ககிட்ட முன்னாடியே சொல்லிடுங்க.