டி.என்.ஏ. நிலைத்து நிற்கிறது, ஆர்.என்.ஏ. சிதைந்துவிடுகிறது: வேதி அமைப்பில் அப்படி என்ன வேறுபாடு?

இரண்டுமே சர்க்கரை, பாஸ்பேட், நைட்ரஜன் காரம் ஆகியவற்றால் ஆனவைதாமே, பிறகு ஒன்று மட்டும் ஏன் எளிதில் சிதைகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். பாடநூல் பட்டியல்களில் ‘டி.என்.ஏ. இரட்டை இழை, ஆர்.என்.ஏ. ஒற்றை இழை’ என்பதே முதலில் வரும். ஆனால் ரோட்டா வைரசின் மரபுப்பொருள் இரட்டை இழை ஆர்.என்.ஏ.; பார்வோ வைரசினுடையது ஒற்றை இழை டி.என்.ஏ. ஆகவே அடிப்படை வேறுபாட்டைச் சர்க்கரையின் இரண்டாம் கார்பனில்தான் தேட வேண்டும்.

ஆர்.என்.ஏ.வின் ரைபோஸ் சர்க்கரையில் அந்தக் கார்பனோடு ஒரு ஹைட்ராக்சில் தொகுதி (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த OH) இணைந்திருக்கிறது, டி.என்.ஏ.வின் டீஆக்சிரைபோசில் அதே இடத்தில் ஹைட்ரஜன் மட்டுமே உண்டு. ஒரு சர்க்கரையின் மூன்றாம் கார்பனையும் அடுத்த சர்க்கரையின் ஐந்தாம் கார்பனையும் பாஸ்பேட் பிணைத்து வைத்திருப்பதால், இந்த ஹைட்ராக்சில் அப்பிணைப்புக்கு மிக அருகில் அமைந்துவிடுகிறது. சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஆர்.என்.ஏ.வை இட்டால், ஹைட்ராக்சில் தன் புரோட்டானை இழக்க, எதிர்மின்னூட்டம் பெற்ற ஆக்சிஜன் பக்கத்திலுள்ள பாஸ்பரஸ் அணுவைத் தாக்கி அதனோடு வளையமாக இணைகிறது. உடன் அடுத்த சர்க்கரையுடனான பிணைப்பு அறுந்து சங்கிலி துண்டாகிறது. அதே கரைசலில் டி.என்.ஏ.வின் இரு இழைகளும் ஒன்றைவிட்டு ஒன்று பிரியுமே தவிர, தாக்குவதற்கு அந்த ஆக்சிஜன் இல்லாததால், இழைகள் எளிதில் அறுவதில்லை.

இதை ஆர்.என்.ஏ.வின் குறையாக நான் கருதவில்லை. புரதம் உருவாக்கச் செய்தி கொண்டுசெல்லும் ஆர்.என்.ஏ., வேலை முடிந்ததும் அழிந்தால்தான் செல்லுக்குத் தன் உற்பத்தியைக் கட்டுப்படுத்த முடியும். ஆர்.என்.ஏ. பலவாறு மடிந்து நொதியாகவே செயல்படுவதிலும் இந்த ஹைட்ராக்சிலுக்குப் பெரும் பங்குண்டு, அத்தகைய ஆர்.என்.ஏ.க்களைக் கண்டறிந்ததற்காகவே தாமஸ் செக், சிட்னி ஆல்ட்மன் இருவரும் 1989-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றனர்.

இரண்டாவது வேறுபாடு நைட்ரஜன் காரங்களில் உள்ளது: அடினைன், குவானைன், சைட்டோசின் ஆகியவை இரண்டுக்கும் பொது, நான்காவதாக ஆர்.என்.ஏ.வில் யுராசிலும் டி.என்.ஏ.வில் தைமினும் இருக்கின்றன. இந்தத் தைமினுக்கு உரிய கவனம் கிடைப்பதில்லை என்பது என் கருத்து. தைமின் என்பது ஒரு மெத்தில் தொகுதி (ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும்) கூடுதலாகப் பெற்ற யுராசில்தான்; இரண்டுமே அடினைனோடு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகளால் இணைகின்றன. அப்படியிருக்க, டி.என்.ஏ.வுக்குத் தைமின் எதற்கு? சைட்டோசின் நீருடன் வினைபுரிந்து தன் அமினோ தொகுதியை இழந்தால் யுராசிலாக மாறிவிடும். இது செல்லுக்குள் தானாகவே நிகழ்வது. டி.என்.ஏ.வில் யுராசில் இயல்பாகவே இருந்திருந்தால், எது அசல், எது சைட்டோசின் கெட்டு வந்தது என்று பழுதுபார்க்கும் நொதியால் பிரித்தறிய முடியாது. அசலுக்கு மெத்தில் அடையாளம் இருப்பதால், அது இல்லாத யுராசிலைத் தயக்கமின்றி வெட்டி நீக்க முடிகிறது.

டி.என்.ஏ. நிலையானது என்பதையும் அளவோடுதான் கொள்ள வேண்டும். இரண்டாம் கார்பனில் ஆக்சிஜன் இல்லாததால் சர்க்கரைக்கும் காரத்துக்கும் இடையிலான பிணைப்பு வலுக் குறைந்து, அமிலச் சூழலில் அடினைனும் குவானைனும் ஆர்.என்.ஏ.வைவிட டி.என்.ஏ.விலிருந்தே விரைவாகக் கழன்றுவிடுகின்றன. கழன்ற இடத்தில் இழையும் பின்னர் அறுகிறது. பத்து லட்சம் ஆண்டுகளுக்கும் மேல் பழமையான சைபீரிய மாமூத் பற்களிலிருந்து டி.என்.ஏ. வரிசை படிக்கப்பட்டதாக 2021-இல் அறிவிக்கப்பட்டபோதும், கிடைத்தவை மிகச் சிறு துண்டுகளே.